பின் சீட்டின் இடது மூலை

புது ரெக்சின் போட்டு மூன்று நாளாகியும் பின் சீட்டின் இடது மூலை பள்ளமாகவே கிடந்தது.

சுகந்தினி கராஜ் வாசலைத் தாண்டாமல் நின்று பார்த்தாள். ஆள் எழுந்து போனால் சீட் மெல்ல மேலே வரும். இது வரவில்லை.

"ஸ்பிரிங் எல்லாம் புதுசு. சீட் தைக்கிற தாஸிம் பாஸ்கூட நின்னு நானே மாட்டினேன்," என்றான் யோகராஜ், மொறிஸ் மைனரின் பொனட்டைத் துடைத்தபடி. தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். மாமனார் விட்டுப்போன காரை எட்டு மாதமாக உரசி, ஒட்டி, பெயின்ட் அடித்திருந்தான். "நீ மொறச்சுப் பாத்தா அது எழும்பிருமா?"

"அந்தச் சீட்ட மட்டும் கழட்டி எறிஞ்சிருங்களேன்."

"அம்பத்தாறாம் வருசத்துச் சீட்டு! கொழும்புல தேடினாலும் கெடைக்காது. உங்கப்பா பத்தொம்பது வருசம் பூட்டி வச்சு எலிக்குத் திங்கக் குடுத்தாரு. நான் உசுரு குடுக்கிறேன். அது பொறுக்கல ஒனக்கு."

உள்ளேயிருந்து மாமியார் சின்னம்மாவின் குரல் வந்தது. "நாங்கல்லாம் நடந்து போயிப் பெத்தோம். இவளுக்குக் காரு வேணும், அதுலயும் குத்தம் வேணும்."

சுகந்தினி எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலியாணமான புதிதில் அந்தச் சீட்டில் நடந்ததை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

எழுபத்தொன்பதாம் வருடம் அவளுக்கு ஒன்பது வயது. தோட்டத்துக்கே ஒரே வாடகைக் கார் அவள் அப்பா நாகலிங்கத்தினுடையது. தாயில்லாப் பிள்ளையைத் தனியே விட முடியாமல், எங்கே போனாலும் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார். அன்றும் ஏற்றிக்கொண்டார். பின்னால், இடது மூலையில், றப்பர் பால் வெட்டும் இலட்சுமி, பிள்ளை வலியில் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள பாலத்தில் பிறாண்டும் சத்தம் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அறுத்துப் பார்ப்பார்களே என்று அப்பா காரை அங்கேயே திருப்பினார்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேதத்தை வாகனத்தில் கொண்டுவந்தால், வாசலில் கதவைத் திறந்து, உயிருள்ள ஆளிடம் சொல்வதைப்போல, "வீடு வந்திருச்சு, எறங்கு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உடம்பு இறங்கும், ஆள் இறங்காது. ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளை அழைக்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை. துணியால் வாயைக் கட்டிக்கொண்டு இழுத்து எடுத்தார்கள்.

அதுவல்ல சுகந்தினியை இத்தனை வருடம் உறங்கவிடாதது. பாலத்திலிருந்து திரும்பும் வழியில், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, வீடு வந்திருச்சா?"

அப்பா பதில் சொல்லவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறுகையால் மகளின் வாயைப் பொத்தினார். மறுநாள் கராஜைப் பூட்டினார். சாகும்வரை திறக்கவில்லை.

வியாழக்கிழமை கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிளினிக். தோட்டத்து லொறி உடைந்து கிடந்தது.

"மொத ஓட்டம் நல்ல காரியத்துக்குப் போகட்டும்," என்றாள் சின்னம்மா. "வரும்போது ஆலாத்தி கரைச்சு வைக்கிறேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எறங்காத."

டிரைவருக்குப் பக்கத்து முன் சீட் தாஸிம் பாஸிடம் தையலுக்குப் போயிருந்தது. பின் வலது கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் கைப்பிடி இன்னும் மாட்டவில்லை. ஆகவே அவள் இடது கதவால் ஏறி, அந்தப் பள்ளத்தின் மேலேயே நகர்ந்து மறுபக்கம் போக வேண்டியிருந்தது. சீலையையும் மீறித் தொடையில் குளிர் ஏறியது. பசையும் புது ரெக்சினும் மணத்தன. அதற்கு அடியில் இன்னொரு வாடை: துரு, ஈரத் துணி, நாள்பட்ட றப்பர் ஒட்டுப்பால். வலது கதவோடு ஒட்டிக்கொண்டாள். போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றாள்.

திரும்பும்போது மழை பிடித்தது. ஐந்தரை மணிதான், ஆனாலும் றப்பர் மரங்கள் இருபுறமும் கவிந்து, பாதையில் வெளிச்சத்தைக் குடித்து முடித்திருந்தன. ஒரு வைப்பர் மட்டும் கண்ணாடியில் கீறிக்கீறி ஓடியது. அந்தப் பாலத்தில் ஏறியதும் இஞ்சின் ஒருமுறை இருமியது. கார் இடப்பக்கம் சரிந்தது.

"லெஃப்ட்டுக்கு இழுக்குது," என்றான் யோகராஜ். "ஒத்த ஆளு நீ, இவ்வளவு பாரமா?"

"நான் வலது பக்கம் இருக்கேங்க."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்பிரிங் முனகியது. கால் மரத்துப்போனவர் மெதுவாகப் புரண்டு உட்காருவதைப்போல. சுகந்தினி தன் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்தாள். கண்ணாடி உள்பக்கமாக வேர்த்திருந்தது. இடது கதவில் நகம் உரசும் சத்தம். ஒருமுறை. பிறகு ஒருமுறை.

"வீடு வந்திருச்சா?"

மெல்லிய, களைத்த குரல். சுகந்தினி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் நாலு வளைவு இருக்கு," என்றான் யோகராஜ்.

கேட்டது நான் இல்லை. நான் இல்லைங்க. கைகளை எடுத்துச் சொல்ல முயன்றாள். கைகள் வரவில்லை. வயிற்றுப் பிள்ளை ஒருமுறை புரண்டது, இடப்பக்கமாக.

வளைவு. வளைவு.

"வீடு வந்திருச்சா?"

"அதான் வருதுல்ல! வாய மூடிக்கிட்டு இரு."

ஈரமான ஏதோ ஒன்று அவள் முழங்காலைத் தொட்டது. அங்கேயே இருந்தது.

வீட்டு விளக்கு தெரிந்தது. வாசலில் சின்னம்மா, கையில் ஆலாத்தித் தட்டு. யோகராஜ் குடையை விரித்துச் சுற்றிவந்து இடது கதவைத் திறந்தான். மழைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே பாராமலே கையை நீட்டினான்.

சொல்லாதீங்க.

குரல் எழவில்லை.

சொல்லாதீங்க.

"வீடு வந்திருச்சு. எறங்கு."

சீட்டின் இடது மூலை மெல்ல, முதன்முறையாக, மேலே வந்தது.

நனைந்த ஒரு கை அவன் கையைப் பிடித்துக்கொண்டது. கதவு சாத்தப்பட்டது. கண்ணாடிக்கு அப்பால் குடை படியேறியது. அதன் கீழ் இரண்டு பேர். தரையில் இழுபடும் பழைய சீலையை யோகராஜ் கவனிக்கவில்லை. சின்னம்மா தட்டை மூன்று முறை சுற்றி, முகத்தைக்கூடப் பாராமல் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

சுகந்தினி வலது கதவில் கைப்பிடியைத் தேடினாள். வெறும் ஓட்டை. கண்ணாடியில் அறைந்தாள். சத்தம் வரவில்லை. அவளுக்குக் கீழே வலது மூலை பள்ளமாக இறங்கத் தொடங்கியிருந்தது. வயிற்றைத் தொட்டாள். தட்டையாக, பிழிந்த துணியைப்போலக் கிடந்தது.

இறங்கிப் போனவள் வாசல்படியில் ஒருதரம் காரைத் திரும்பிப் பார்த்தாள். நிறைந்த தன் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்தாள். ஈரச் சீலைக்கு அடியில், அந்தக் கைகளுக்கு நடுவே, பிள்ளை உதைத்தது.