அரை சதவீதச் சில்லறை

குந்தவை அழித்த வரிசை திரும்பி வந்திருந்தது. பெயர் இல்லாமல்.

எரிவாயுவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் பட்டியலில் மீத்தேனும் ஈத்தேனும் தத்தம் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம். அதற்கு எதிரே 0.003. போன மாதம் அதை அழித்தவள் அவள்தான். அழிக்கச் சொன்னவர் மேலாளர் பஞ்சநதம்.

"கனமான சரக்கு அரை சதவீதம்கூட இல்லம்மா. சில்லறை. தூக்கிடு."

சாம்பாரில் பெருங்காயமும் அவ்வளவுதான், தெருவே மணக்கும். சில்லறையைத் தூக்கியதும் திரையில், வாயு திரவமாகும் எல்லையைக் காட்டும் ஃபேஸ் என்வலப் வளைகோடு சமர்த்தாகச் சுருங்கியது. கோட்டுக்கு வெளியே இருக்கும்வரை வாயு வாயுவாகவே ஓடும். உள்ளே போனால் திரவமாகி, குழாயின் பள்ளத்தில் தேங்கி, பின்னால் வரும் வாயு அதைச் சம்மட்டியாக்கி அடிக்க, குழாய் எங்காவது பிளக்கும். குழாயின் நிலையைக் காட்டும் ஒற்றைச் சிவப்புப் புள்ளி வெளியே நின்றது. குந்தவை அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். ஒரத்தநாட்டுப் பக்கம் குழாய் தாழ்ந்து போகும் பள்ளம், அவள் அப்பாவின் வயல்.

இன்று காலை பத்து மணிக்கு வால்வைத் திறந்தார்கள். அந்த வளைகோட்டுப் படத்தைக் கலரில் எடுத்துச் சட்டம்போட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டுமென்பது பஞ்சநதத்தின் ஆசை. அதற்காகத்தான் கோப்பைத் திறந்திருந்தாள்.

மணி பதினொன்று. தஞ்சாவூரை மழை இருட்டு மூடியிருந்தது. கரண்ட் போய், யுபிஎஸ் மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்த அந்த மாடி அலுவலகத்தில், ஏசி நின்ற புழுக்கத்தோடு மண்ணெண்ணெயும் சேறும் கலந்த ஒரு வாடை, யாரோ வயலிலிருந்து நேராக வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பதுபோல, அவள் பிடரியில் படிந்தது.

வரிசையை அழித்தாள். கணக்கை மறுபடி ஓட்டினாள். வந்தது. 0.004. வளைகோடு புள்ளியை நோக்கிப் பருத்திருந்தது.

"சார், வால்வை மூடச் சொல்லுங்க. புள்ளி உள்ள போகப்போவுது."

பஞ்சநதம் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். "சாஃப்ட்வேருக்குப் பைத்தியம் புடிச்சா நமக்கும் புடிக்கணுமா? வடை வாங்கியிருக்கு, சாப்பிடு."

"அது எங்க வயல் சார். அறிக்கை பொய்னு உங்களுக்கும் தெரியும்."

"கையெழுத்து யாருது?"

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். அந்தச் சத்தத்துக்கே ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடலாம். கையெழுத்துப் போட்ட கையையும் வெட்டிக் கூடவே போடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு திரைக்குத் திரும்பினாள்.

புள்ளி ஒன்றாக இல்லை.

எண்ணினாள். பதினொன்று. எல்லாம் ஒரே வரிசையில். அசைந்தன. ஓர் அடி. நின்றன. ஓர் அடி. நடவுப் பெண்கள் குனிந்தபடியே பின்னால் நகர்வார்களே, அந்த நடை. கோட்டை நோக்கி.

தம்பியை அழைத்தாள். "டேய் தமிழு, எங்க இருக்க?"

"வரப்புலக்கா. நடவு நடக்குது." பின்னால் மழை. பெண்களின் சிரிப்பு.

"எத்தனை பேரு?"

"பதினோரு பேரு. ஏன், நீயும் வந்து நாலு முடி நாத்து நடப்போறியா?"

"எல்லாரையும் கரையேறச் சொல்லுடா! ஓடச் சொல்லு!"

"ஏன் இப்படிக் கத்துற? தண்ணி வேற குமிழி விடுது, ஒரே மண்ணெண்ண நாத்தம்..."

முதல் புள்ளி கோட்டைத் தாண்டியது.

போனில் ஒரு சிரிப்பு அறுந்தது. அலறல் இல்லை. விழுந்த சத்தம் இல்லை. அந்தக் குரல் மட்டும் இல்லை.

இரண்டாவது.

"அக்கா, சாவித்திரி அத்தையக் காணும். இப்பத்தான் இங்க..."

மூன்று. நான்கு. பஞ்சநதத்தின் உறிஞ்சல் நின்றது. ஏழு. ஒன்பது.

"ஓடுடா!"

பதினொன்று. போனில் மழை மட்டும். அதற்குள் தம்பியின் மூச்சு.

திரையில் இன்னொரு புள்ளி. பன்னிரண்டாவது. கோட்டின் ஓரத்தில், தனியாக. ஓர் அடி வைத்தது.

"விடு! அவனை விடு!"

கோட்டின்மேல் உள்ளங்கையை அறைந்து, அடைத்து, அழுத்தினாள். கண்ணாடி தட்டுப்படவில்லை. ஈரம். சில்லென்ற சேறு, மணிக்கட்டுவரை. அவளுடைய விரல்களுக்கு நடுவே, அந்தப் பக்கத்திலிருந்து, விரல்கள் வந்து கோத்துக்கொண்டன.

ஒரே கையின் விரல்கள் அல்ல.