அப்பாவின் பெயர் எந்தப் பட்டியலில்?

ஜெனி போகும் லுத்தரன் ஆலயத்தில் ஒவ்வொரு ஞாயிறும், சபையார் எழுதிக் கொடுக்கும் சீட்டுகளிலிருந்து இரண்டு பட்டியல்கள் வாசிப்பார்கள். ஒன்று நன்றிப் பட்டியல். பிள்ளை பிறந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர்கள் எல்லாம் அதில் வருவார்கள். இன்னொன்று ஜெபப் பட்டியல். நோயாளிகளும், வீட்டில் நிம்மதி இல்லாதவர்களும் அதில் வருவார்கள்.

பெயரோடு சேர்த்துத்தான் வாசிப்பார்கள். நல்ல மனதோடுதான் வாசிப்பார்கள். ஆனால் பெயர் காதில் விழுந்ததும், அந்தக் குடும்பம் உட்கார்ந்திருக்கும் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கழுத்துக்கு அப்படி ஒரு பழக்கம்.

ஜெனிக்கு ஏழு வயதாக இருந்தபோது, "சகோதரர் அசோக்குமார் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை பெற ஜெபிப்போம்" என்று ஒரு வருடம் முழுக்க வாசித்தார்கள். அசோக்குமார் அவளுடைய அப்பா. டைல்ஸ் ஒட்டும் வேலை பார்ப்பவர். அந்த ஒரு வருடத்தில் ஜெனி ஆலயத்தின் தரையை அங்குலம் அங்குலமாக மனப்பாடம் செய்துவிட்டாள். தலை குனிந்தால் வேறு எதைப் பார்ப்பது?

அப்புறம் அப்பா குடியை விட்டார். பெயர் நன்றிப் பட்டியலுக்கு மாறியது. அன்றைக்கு அம்மா பாக்கியமேரி ஆலயத்தில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். சபையார் மாதம் ஒரு கிராமத்துக்குப் போய் நற்செய்திக் கூட்டம் நடத்துவார்கள். அதில் அப்பாவை மேடையேற்றி, குடியை விட்ட கதையைச் சொல்ல வைத்தார்கள். இதற்குச் சாட்சி சொல்வது என்று பெயர். அப்பா நன்றாகச் சொல்வார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் ஃப்ளெக்ஸே அடித்துவிட்டார்கள். அப்பாவின் சிரித்த முகம், அதன் கீழே 'இரண்டு ஆண்டுகளாக மதுவைத் தொடாத சகோதரர்' என்று பெரிய எழுத்து.

ஜெனிக்கு இப்போது பத்து வயது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட வேலைக்காக அளவு டேப் தேடி அப்பாவின் வேலைப்பையைத் திறந்தாள். வெள்ளைச் சிமெண்ட் பாக்கெட்டுக்கு அடியில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. பாதி காலி. மூடியைத் திறக்காமலே வாசனை வந்தது. அந்த வாசனையை அவள் மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

அம்மாவிடம் காட்டினாள். அம்மா ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் ஜெனிக்குப் பயமாக இருந்தது.

"பன்னெண்டு நாளா இப்படித்தான்," என்றாள் அம்மா. "வெளிய மூச்சு விட்டுறாத. நாளைக்குக் கூட்டம் இருக்கு."

"அப்பா மேடையில என்னம்மா சொல்லுவாரு?"

"எப்பவும் சொல்றதத்தான் சொல்லுவாரு. சபையே அவர நம்பியிருக்கு. என்னைய என்ன செய்யச் சொல்ற?"

அப்பா ஏன் மறுபடி ஆரம்பித்தார் என்று ஜெனிக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. ஆலய வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் மெர்வின் கஞ்சிராவைத் தட்டிக்கொண்டே பாட, பின்னால் எல்லாரும் பாடினார்கள். முன் சீட்டில் சத்தியசீலன் ஐயர் இருந்தார். அவர்தான் சபையின் குருவானவர். லுத்தரன் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன அசோக், அடுத்த மாசம் மேலூருக்கும் வாரேல்ல?" என்று திரும்பிக் கேட்டார் ஐயர்.

"வாரேங்கய்யா," என்றார் அப்பா. கிராம்பை மென்றுகொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாடவே இல்லை.

வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் வேன் நின்றது. பெரியவர்கள் மேடை போட்டு, பின்னால் அப்பாவின் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். ஜெனியிடம் ஒரு பை நிறைய நோட்டீஸைக் கொடுத்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

தண்ணீர்க் குழாய் பக்கம் அவள் வயதில் ஒரு பெண் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர் முத்துமீனா. நோட்டீஸில் இருந்த சிரித்த முகத்தையும் ஜெனியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவரு உங்கப்பாவா? போன மாசம் பக்கத்து ஊர்ல பேசுனாருல்ல? எங்கப்பா அதக் கேட்டுட்டு வந்து குடிய விட்டாரு."

ஜெனிக்கு நெஞ்சு குளிர்ந்தது. "நெசமாவா?"

"அஞ்சு நாளு. அஞ்சாவது நாளு மறுபடியும் குடிச்சுட்டாரு. குடிச்சுட்டு அழுதாரு. அந்த ஆளு வேற மாதிரி மனுசன், நம்மளால எல்லாம் ஆகாதுன்னு சொல்லிட்டாரு. இன்னைக்குக் கூட்டத்துக்கும் வர மாட்டாராம். வீட்லயே படுத்திருக்காரு."

குடம் நிரம்பி வழிந்தது. முத்துமீனா அதைக் கவனிக்கவில்லை.

"உங்கப்பா ஒரு நாளுகூடத் தவறலையா? ரெண்டு வருசத்துல ஒரே ஒரு நாளுகூடவா?"

ஆமாம் என்று சொல்வது ரொம்பச் சுலபம். ஃப்ளெக்ஸிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் ஜெனியின் வாயில் அது வரவில்லை. இல்லை என்று சொல்வதும் சரியாகப் படவில்லை. அது அப்பாவுடைய விஷயம். அவருக்குத் தெரியாமல் அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா?

"அப்பாவக் கேட்டுட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மேடையில் அப்பா இல்லை. நாற்காலி வரிசையிலும் இல்லை. வேனுக்குப் பின்னால் சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு புது பாட்டில். இன்னும் திறக்கவில்லை. ஜெனியைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ஜெனி பார்க்காதது போல நடிக்கவில்லை. திட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

"என்ன கேட்டா?"

முத்துமீனா சொன்ன எல்லாவற்றையும் ஜெனி அப்படியே சொன்னாள். அவளுடைய அப்பாவின் ஐந்து நாள் கதையையும் விடவில்லை. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு முதல்லருந்தே தெரியும்."

அப்பாவின் கண் கலங்கியது. "நான் உண்மையச் சொன்னா, பேரு மறுபடியும் அந்தப் பட்டியலுக்குப் போயிரும் பாப்பா. எல்லாரும் உன்னையத் திரும்பிப் பாப்பாங்க."

"அது எனக்குப் பழக்கம்தாம்ப்பா," என்றாள் ஜெனி.

அப்பா அழுதார். பெரியவர்கள் அப்படி அழுவதைப் பார்ப்பது நல்லாவே இருக்காது. ஜெனி எழுந்து போகவில்லை.

"அந்தப் பிள்ளையோட அப்பா, தன்னால முடியாதுன்னு படுத்திருக்காராம்ப்பா," என்றாள் மெதுவாக. "நீங்களும் தவறுனீங்கன்னு தெரிஞ்சா, அவரு எந்திரிச்சு உக்காருவாருல்ல?"

மைக்கில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா பாட்டிலைத் திறந்தார். ஜெனிக்கு உயிரே போய்விட்டது. அவர் அதை மண்ணில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு எழுந்தார்.

மேடையேறி மைக்கைக் கையில் வாங்கினார்.

"எனக்குப் பின்னாடி போட்டிருக்கது பொய்," என்று ஆரம்பித்தார். "ரெண்டு வருசம் விட்டிருந்தேன். பன்னெண்டு நாளைக்கு முன்னாடி மறுபடி குடிச்சேன். நேத்தும் குடிச்சேன். இப்ப இந்த வேனுக்குப் பின்னாடி குடிக்கத்தான் போனேன். எம் மக வந்துட்டா. நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாது. இன்னைக்கு விட்டிருக்கேன். இன்னைக்கு எனக்கு முதல் நாளு. அம்புட்டுத்தான்."

யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. நாலைந்து பேர் எழுந்து போனார்கள். மெர்வின் உபதேசியார் மைக்கை வாங்க ஓடி வந்தார். ஐயர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஐயரின் முகமும் வெளுத்திருந்தது.

கூம்பு ஒலிபெருக்கிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கூட்டத்துக்கு வராதவர்களையும் அது விடாது. கொஞ்ச நேரத்தில், கலைந்த தலையோடு ஒருவர் மேடைப் பக்கம் வந்து நின்றார். அவர் கையை முத்துமீனா பிடித்திருந்தாள்.

"எம்பேரு விருமாண்டி. நீங்க பன்னெண்டு நாளாண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஆமா தம்பி."

"நான் அஞ்சாவது நாளே போயிட்டேன்." தலையைச் சொறிந்தார். "சரிண்ணே. எனக்கும் இன்னைக்கு முதல் நாளுன்னு வச்சுக்கிருவோம்."

இருவரும் போன் நம்பரை மாற்றிக்கொண்டார்கள். தினமும் காலையில் விருமாண்டி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். வந்தால் முந்தின நாளைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம்.

"உங்க பட்டியல்ல எம்பேரையும் வாசிப்பாங்களாண்ணே?" என்றார் விருமாண்டி. "நான் எங்க சாமியத்தான் கும்பிடுவேன். பேர மட்டும் வாசிங்க."

திரும்பும்போது வேனில் யாரும் பாடவில்லை. "சபை பேரு கெட்டுப்போச்சு," என்று பின் சீட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். சமயநல்லூர் தாண்டிய பிறகுதான் ஐயர் வாயைத் திறந்தார்.

"அசோக், நான் உன்னையப் பாக்கும்போதெல்லாம் எப்ப வாரன்னுதான் கேட்டேன். எப்படி இருக்கன்னு ஒரு தடவகூடக் கேக்கல," என்றார்.

அந்த வாரம் லேசான வாரம் இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கை நடுங்கியதில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஐயர் தன் பைக்கில் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் அம்மாவோடு பேச்சை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை விருமாண்டியின் மிஸ்டு கால் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. அப்பா போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நன்றிப் பட்டியலை வாசித்தார்கள். அப்பா பெயர் அதில் இல்லை. பிறகு ஜெபப் பட்டியலை எடுத்தார்கள். அதில் ஒரு சீட்டு ஜெனியின் கையெழுத்தில் இருந்தது.

"சகோதரர் அசோக்குமார், வாடிப்பட்டிப் பக்கம் விருமாண்டி, இருவரும் இன்றைய நாளைத் தாண்ட ஜெபிப்போம்," என்று ஐயர் வாசித்தார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஜெனி தரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் கண்ணை மூடியதும், பையிலிருந்த போன் ஒரே ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது.