பெட்டி மூடியில் ஒரு பெண்பால்

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்த பொற்கொடி, வந்தவனைப் பேசவிட்டார். பெயர் ஸ்ரீராம். சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு.

"எங்க ஏற்றுமதிப் பிரிவுல ஸ்பானிஷ் தெரிஞ்ச ஒரே பொண்ணு மெஹ்னாஸ வேலைய விட்டு நிறுத்திட்டாங்க மேடம். அவங்க பண்ணல. அத நீங்க நிரூபிக்கணும்."

ஸ்பெயினுக்குப் போன மரப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் யாரோ மார்க்கரில் ஸ்பானிஷ் மொழியில் எழுதியிருந்தார்கள். வாங்கியவர்கள் படமெடுத்து அனுப்பிவிட்டுச் சரக்கை நிறுத்திவிட்டார்கள். ஸ்ரீராம் அந்தப் படத்தைக் காட்டினான். 'எஸ்தோய் செகுரா. லா பியேசா எஸ் மாலோ.' அதாவது, எனக்கு உறுதியாகத் தெரியும். இந்தப் பாகம் மோசமானது.

உதவியாளன் சமியுல்லா கைபேசியில் தேடிவிட்டு நிமிர்ந்தான். "மேடம், அந்த மொழியில 'உறுதி'ங்கறத ஆம்பளன்னா 'செகுரோ'ன்னு சொல்லணும். 'செகுரா'ன்னா பொம்பள. அங்க ஸ்பானிஷ் தெரிஞ்ச பொம்பள அவங்க மட்டும்தான். முடிஞ்சுது."

"கம்பெனியும் அப்படித்தான் முடிச்சிருக்கு" என்ற பொற்கொடி, மெஹ்னாஸை வரவழைத்தார்.

அவள் வந்து உட்கார்ந்தபோது ஸ்ரீராம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தை அவளிடம் கம்பெனி காட்டவே இல்லையாம். பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"தப்பா இருக்கே மேடம். பாகம்ங்கற 'பியேசா' பெண்பால். அது மோசம்னா 'மாலா'ன்னு வரணும். நமக்கு இரும்பு அஃறிணை. அவங்களுக்கு அதுக்கும் ஆண், பெண் உண்டு."

பொற்கொடி சமியுல்லாவிடம் திரும்பினார். "இலக்கணம் தெரியாதவங்க வார்த்தைக்கு எங்க போவாங்க?"

"போன்ல தேடுவாங்க."

"தேடுனா முதல்ல ஆண்பால்தான் வரும். 'மாலோ' அப்படி வந்தது. 'செகுரா'வத் தேடியிருந்தா அதுவும் 'செகுரோ'ன்னு வந்திருக்கும். ஆக, அத அவர் தேடல, காதால கேட்டிருக்காரு. ஒரு பெண் சொல்லி, பல தடவை." குரலை உயர்த்தாமல் கேட்டார்: "மெஹ்னாஸ், அந்த வார்த்தைய எப்பம்மா சொல்வீங்க?"

"சரக்கு நல்லா இருக்கான்னு ஸ்பெயின்ல இருந்து போன்ல கேக்கறப்பல்லாம். குவாலிட்டியில ஓகே சொன்னதும்."

"பக்கத்து மேசையில யாரு?"

மெஹ்னாஸ் திரும்பினாள். ஸ்ரீராமைப் பார்த்தாள்.

"விரிசல் இருந்துச்சு" என்றான் அவன். "மேனேஜர் பாஸ் பண்ணுன்னாரு, பண்ணிட்டேன். பிரேக்காச்சே, மனசு கேக்கல. அதான் எழுதுனேன். அது பொம்பளங்க சொல்ற வார்த்தைன்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சப்புறம்?" என்றாள் மெஹ்னாஸ்.

அவன் மீண்டும் தரையைப் பார்த்தான்.

"எங்க அத்தா என்கூடப் பேசறதில்ல. சோறு போட்ட இடத்துக்கே துரோகம் பண்ணிட்டேன்னு. நீங்க பழம் வாங்கிட்டு வந்து, எங்க வீட்லயே உக்காந்து எனக்கு ஆறுதல் சொன்னீங்க."

"உங்கள எப்படியாவது காப்பாத்தணும்னுதான் இங்க வந்தேன்."

"உங்க பேர் வெளிய வராம."

ஸ்ரீராம் கைபேசியை எடுத்து மேனேஜரை அழைத்தான். எழுதியது தான்தான் என்றான். விரிசல் விட்டதைப் பாஸ் செய்ததும் தான்தான் என்றான். மறுமுனையில் சத்தம் எழுந்தது.

"அந்தப் பாகம் வேற எங்கயாவது போயிருக்கா?" மெஹ்னாஸ் கேட்டாள்.

அவன் கைபேசியைக் கொஞ்சம் விலக்கினான். "புனேக்கு ஒரு லோடு போச்சு. வண்டியில மாட்டியிருப்பாங்க."

"அதையும் சொல்லுங்க."

அவன் மறுபடி கைபேசியைக் காதில் வைத்தான்.