ஷெர்லினுக்கு இரண்டு வழி

ஆபீஸ் லைன் அறுந்து கிடக்கும்போது, மூடிய அறைக்குள் ஷெர்லின் யாரோடோ சிரித்தாள்.

மெல்வினுக்கு வயிறு எரிந்தது. ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் ரோட்டில் அவர்கள் வீடு. மதியம் கழிவதற்குள் பனிமூட்டம் ஜன்னலை அடைத்துவிட்டது. சில்வர் ஓக் இலைகளிலிருந்து தகரக் கூரையில் சொட்டும் ஓசையும், பக்கத்துக் களத்தில் ஊறும் காப்பிப் பழத்தோலின் புளித்த வாடையும், அவற்றுக்கிடையே மனைவியின் அந்தச் சிரிப்பும் கூடத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் வந்து சேர்ந்தன. அவனோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாயிற்று.

அவள் ஒரு சேலத்துக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மேனேஜர் வெங்கடேஷ் ஃபோனில் கொஞ்சம் குழைந்து பேசிவிட்டானாம். அதற்காக, நெட்வொர்க் வேலை தெரிந்த மெல்வின், அவளை ஆபீஸோடு இணைக்கும் விபிஎன் லைனையே தன் லேப்டாப் வழியாகத் திருப்பிவிட்டிருந்தான். அவளுக்கு வருவதெல்லாம் தன்னைத் தாண்டித்தான் வரவேண்டும். அப்படியொரு சந்தேகப் பிராணி.

இன்று அந்த இணைப்பு செத்துக் கிடந்தது. காரணம் தேடி ரூட்டிங் டேபிளைத் திறந்தான். எந்த இடத்துக்கு எந்த வாசல் வழியே போகவேண்டும் என்று வரிவரியாகச் சொல்வது அது. ஒரே இடத்துக்கு இரண்டு வரி இருந்தால், குறைந்த எண் போட்ட வரிதான் ஜெயிக்கும். ஷெர்லினின் லேப்டாப்புக்கு எப்போதும் ஒரே வரிதான், அவனுடையது. இப்போது இரண்டு இருந்தன. புதிதின் எண் அவனுடையதைவிடக் குறைவு.

வெங்கடேஷின் வேலை என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அந்த வாசல் சேலத்தில் இல்லை. இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அழித்தான். திரும்ப வந்தது, இன்னும் சிறிய எண்ணோடு. வெளியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினான். வைஃபையை அணைத்தான். அந்த வாசல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு ஒரு பிங் அனுப்பினான். அனுப்பிய கணமே பதில்.

"யாருகிட்ட பேசற, ஷெர்லின்?" கதவருகே போய்க் கத்தினான்.

உள்ளே ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். மெல்வின் செருமுவது போலவே.

"ஏனுங்க, நீங்க இப்படி ஆசையாப் பேசி நொம்ப நாளாச்சுங்க," என்றாள் ஷெர்லின். அவனிடம் அல்ல.

பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. ஓடிப்போய் அவளுக்குப் போகும் வரிகள் எல்லாவற்றையும், தன்னுடையதையும் சேர்த்து, மொத்தமாக அழித்தான்.

ஒன்று திரும்ப வந்தது.

அவனுடையது வரவில்லை.

கதவைத் தள்ளித் திறந்தான். கட்டிலில் அவள். அவள் சாய்ந்திருந்த தோளில் மெல்வினுடைய ஸ்வெட்டர். அதற்கு மேல் அவனுடைய முகம்.

"ஷெர்லின்!"

அங்கே யாருமே இல்லாததுபோல அவள் பார்வை அவனைத் தாண்டிப் போனது. "ஏனுங்க, கதவு தானாத் தெறந்துக்கிச்சு பாருங்க. பனி உள்ள வருது."

அவன் முகம் கொண்ட அது எழுந்து வந்தது. அதற்கு மட்டும் அவன் தெரிந்தான். மெல்வின் கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டான்.

அது சாத்திய கதவு அவன் விரல்களின் ஊடே புகுந்து நிலையோடு பொருந்தியது. தாழ் விழுந்தது. வலிக்கவே இல்லை.