நான்காம் தொட்டியின் பதில்

பதில் சீக்கிரம் வந்துவிட்டது. அதுதான் முதலில் புஷ்ராவை உறுத்தியது.

வழக்கமாக நாற்பது நொடி ஆகும். நான்காவது கழிவுநீர்த் தொட்டியின் விஷவாயு மீட்டர் பழையது. கேட்டால் யோசித்து யோசித்துத்தான் பதில் சொல்லும். இன்று மாடி ஆபீஸில் எண்டரைத் தட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள், பதினோரே நொடியில், திரையில் 'எல்லாம் சரி' என்று வந்து நின்றது. கேமரா படத்தில், பின்பக்க முற்றத்துத் தொட்டிகளுக்கு மேலே இருந்த விளக்கு பச்சையாக எரிந்தது. அதைப் பார்த்ததும் ஃபிட்டர் அந்தோணி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். கேமராவைப் பார்த்து ஒரு கை ஆட்டல். பிறகு ஏணியில் கால் வைத்து நான்காவது தொட்டிக்குள் இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்று பத்து. ஆம்பூரில் அந்தத் தோல் தொழிற்சாலை வாய் மூடும் நேரம் அது ஒன்றுதான். வாரம் முழுக்கத் தோலையும் சுண்ணாம்பையும் போட்டுப் புரட்டிக்கொண்டே இருக்கும் மர டிரம்கள் ஜும்மா தொழுகைக்காக நின்றுவிடும். காதுக்குள்ளேயே குடியிருந்த சத்தம் சட்டென்று எழுந்து போனதும், வெயிலில் கூரைத் தகரம் விரியும் ஓசையும், ஈரத்தோல் அடுக்குகளிலிருந்து சொட்டும் நீரும், மூன்று பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கியிலிருந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரும் குத்பா பிரசங்கமும் மட்டும் மிஞ்சும். நாற்றத்துக்கு மட்டும் லீவு கிடையாது. அழுகிய முட்டையும் நனைந்த மயிரும் கலந்த அந்த வாடை துப்பட்டாவில் இருக்கும், சாப்பாட்டில் இருக்கும், வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலைமுடியில் இருக்கும்.

டிரம்கள் நின்றால்தான் நிலத்தடித் தொட்டிகளுக்குக் கழிவுநீர் வருவது நிற்கும். அதனால் தொட்டிக்குள் பம்ப் ரிப்பேர் என்றால் இந்த முக்கால் மணி நேரத்தில்தான். தொழுகைக்குப் போகாத அந்தோணியும் பிரேம்நாத்தும்தான் அந்த வேலைக்கு. ஒருவர் இறங்குவார், ஒருவர் மேலே கயிற்றைப் பிடித்திருப்பார். மேலே இருப்பவர் நிமிடத்துக்கொரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கீழே இருப்பவர் "ஆங்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் எதுவும் யோசிக்காமல் கயிற்றை இழுக்க வேண்டும்.

காலையில் அந்தோணி ஒரு மஞ்சள் ஃபைலோடு மாடியேறி வந்திருந்தார்.

"பொண்ணு செலினுக்கு நர்சிங் அப்ளிகேஷன்மா. நாளைக்கிதான் கடைசி தேதி. ரெண்டு மணிக்கு மேல வர்றேன், கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துடு."

"மொதல்ல பம்ப் வேலைய முடிங்கண்ணா."

"நீ பச்சை போட்டா இறங்கப் போறேன். எனக்கு இன்னா? உன் மெஷின் சரின்னா எனக்கும் சரி."

ஃபைல் இப்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது. புஷ்ரா சோற்றைத் தொடவில்லை. பதினோரு நொடி. ஏன் பதினோரு நொடி?

மீட்டர்களைக் கேட்டு விளக்கைப் போடும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதியவள் அவள்தான். இரண்டு வருடமாக அது நான்கு மீட்டர்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டரை நிமிடம் ஆகும். "இருக்கறதே நாப்பத்தஞ்சு நிமிஷம். அதுல உன் கம்ப்யூட்டர் வேற மூணு நிமிஷத்த முழுங்குதே" என்று மேனேஜர் கோதண்டபாணி வாரா வாரம் முணுமுணுப்பார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போன திங்கட்கிழமை மாற்றிவிட்டாள். நான்கு கேள்விகளையும் பின்னணி வேலைகளாக ஒரே நேரத்தில் அனுப்புவது. கடைசியில் ஒரு வரி: வெயிட். எல்லோரும் முடிக்கும்வரை காத்திரு. அது பூஜ்யம் என்று சொன்னால் பச்சை விளக்கு. கோதண்டபாணி கூட "பரவால்லயே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று நினைத்தால் இப்போது கூசியது.

நான்காவது தொட்டியின் பதிவைத் திறந்தாள். ஒரே வரி. 'இணைப்பு இல்லை. மீட்டர் பதில் தரவில்லை.'

அப்படியென்றால் அந்த வேலை தோற்றுத்தான் முடிந்திருக்கிறது. அதனால்தான் சீக்கிரம். பிறகு எப்படிப் பச்சை எரிந்தது?

அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். எப்போதோ படித்ததுதான். ஒவ்வொரு வேலையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் நல்லபடியாக முடிந்தது. வேறு எந்த எண்ணும் கோளாறு. அந்த எண்ணை வாங்க வேண்டுமானால் இன்ன வேலைக்காகக் காத்திருக்கிறேன் என்று அதன் அடையாளத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். யாரையும் குறிப்பிடாமல் வெறும் வெயிட் போட்டால், எல்லாம் முடிந்ததும் அது தன்பாட்டுக்குப் பூஜ்யம் சொல்லிவிடும். யார் எப்படிப் போனார்கள் என்று அதற்குக் கவலையில்லை. அவள் எல்லாரும் முடித்தாயிற்றா என்று மட்டும் கேட்டிருந்தாள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

திங்களிலிருந்து அந்த விளக்கு எதையும் பார்க்காமலேயே பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி இன்று ஒரு மனிதர் உள்ளே இருக்கிறார்.

பிரேம்நாத்துக்கு போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. படத்தில் அவன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி குனிந்திருந்தான். விளக்கைச் சிவப்பாக்கினாள். சிவப்பு அவன் முதுகுக்குப் பின்னால் எரிந்தது.

மாடிப்படிக்கு ஓடினாள். கிரில் கேட் வெளியே பூட்டியிருந்தது. பூட்டச் சொன்னதே அவள்தான். ஆளில்லாத நேரத்தில் மாடியில் தனியாக உட்கார பயமாக இருக்கிறது என்று வாட்ச்மேன் கவுஸ் பாஷாவிடம் மூன்று மாதம் முன்பு கேட்டுக்கொண்டாள். சாவி அவர் ஜிப்பா பையில். அவர் பள்ளிவாசலில். போன் ஸ்விட்ச் ஆஃப். தொழிற்சாலையில் அத்தனை பேர் போனும் இந்த நேரத்தில் ஸ்விட்ச் ஆஃப். வேலூருக்குப் போயிருந்த கோதண்டபாணி எடுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்தில் எடுத்தார்கள். "வர்றோம்மா, கால் மணி நேரம். யாரையும் உள்ள இறங்க விடாதீங்க."

திரும்ப ஓடி வந்தாள். ஒருவேளை மீட்டர்தான் பழுதாக இருக்கலாம், தொட்டி சுத்தமாக இருக்கலாம். அந்த ஆசையில் ஸ்கிரிப்டைத் திருத்தினாள். ஒவ்வொரு வேலையின் அடையாள எண்ணையும் பிடித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காத்திருந்து, அதனதன் எண்ணை எழுதச் சொன்னாள். நான்கும் பூஜ்யமானால் மட்டும் பச்சை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நிறுத்தும்வரை ஓடட்டும்.

0. 0. 0. 1.

மறுபடி. 0. 0. 0. 1.

நான்காவது தொட்டியில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

போனை மறுபடி அடித்தாள். இந்த முறை பிரேம்நாத் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மேடம்."

"அந்தோணி அண்ணன மேல இழு! உடனே! மீட்டர் வேல செய்யல, அது தப்பான பச்சை!"

"இன்னா மேடம் பேஜார் பண்றீங்க? நாத்தமே இல்ல இன்னிக்கி. இறங்கும்போது லேசா வந்துச்சி, இப்ப சுத்தமா இல்ல."

வாயு ஜாஸ்தியானால் மூக்கு செத்துப்போகும். பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். நாற்றம் நின்றால்தான் ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"பிரேம்நாத், கெஞ்சிக் கேக்கறேன். இழு."

"அண்ணன் பேசிக்கினுதான் இருக்காரு மேடம், நீங்களே கேளுங்க. அந்தோணி அண்ணா!"

"ஆங்."

கீழேயிருந்து வந்தது. அந்தோணியின் குரலேதான். புஷ்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருக்கிறார். அல்லாவே, இருக்கிறார்.

"மேல வாண்ணா, மேடம் கூப்புடுறாங்க."

"ஆங்."

படத்தில் பிரேம்நாத் கயிற்றை இழுத்தான். கயிறு வந்தது. கனமே இல்லாமல், கிணற்றில் வாளி கழன்றுபோன கயிறு போல. கடைசியில் இடுப்பில் கட்டும் வளையம் மட்டும் வந்தது.

"அவுத்துட்டாரு போல" என்றான் பிரேம்நாத். குரல் மாறியிருந்தது. "அண்ணா, கயித்த ஏன் அவுத்த?"

"ஆங்."

"அண்ணா?"

இப்போது புஷ்ராவுக்குக் கேட்டது. இத்தனை நேரமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பதில், கேள்விக்கு முன்னாலேயே வந்தது. அவன் 'அண்ணா' என்று வாயெடுப்பதற்குள் "ஆங்". ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி.

"பிரேம்நாத்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அவரு பொண்ணு பேரு என்னன்னு கேளு."

"இன்னா மேடம்..."

"கேளு."

"அண்ணா, உன் பொண்ணு பேரு இன்னா?"

"ஆங்."

குத்பா முடிந்திருந்தது. ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாக அடங்கின. தொழுகைக்கு நின்றுவிட்டார்கள். கூரைத் தகரம் கூடச் சத்தம் போடவில்லை.

"மேடம், அவருக்கு இன்னாவோ ஆயிடுச்சி. மயக்கத்துல பேசுறாரு. நான் இறங்கித் தூக்கிட்டு வந்துர்றேன்."

"வேணாம்! இறங்காத! ஃபயர் சர்வீஸ் வர்றாங்க!"

"கூப்புட்டா குரல் குடுக்குறாரு மேடம். உசுரோட இருக்கற ஆள எப்படி உட்றது?"

போனைச் சிமெண்ட் தரையில் வைத்தான். படத்தில் அவன் ஏணியில் கால் வைத்தான். இடுப்பு மறைந்தது. தோள் மறைந்தது. அவள் திரையைக் கையால் அடித்தாள். கத்தினாள். தரையில் கிடந்த போனிலிருந்து அவள் கத்தல் யாருமில்லாத முற்றத்தில் கொசுவாகக் கேட்டிருக்கும். தலை மறைந்தது.

ஏதோ ஒன்று சேற்றில் விழுந்த சத்தம்.

"பிரேம்நாத்!"

எதுவுமில்லை.

"பிரேம்நாத்!"

"ஆங்."

அவன் குரல். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மூச்சு திரும்பியது. பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிடவில்லை. யாருமே கூப்பிடவில்லை.

"ஆங்."

"ஆங்."

இரண்டு குரல்கள். மாறி மாறி. அவள் போனை அணைத்தாள். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. 0. 0. 0. 1.

கவுஸ் பாஷா வந்து கிரிலைத் திறந்தபோது தலையில் தொப்பி இருந்தது. கீழே தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. புஷ்ரா டிரம் கொட்டகை வழியே ஓடினாள். நின்றுபோன டிரம்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முகமூடி போட்ட வீரர் ஒருவர் உள்ளே போய் இருவரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பியிருந்தார். சிமெண்ட் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தோணியின் வாயைச் சேறு அடைத்திருந்தது. பிரேம்நாத்தின் கண் திறந்திருந்தது. தொழுகை முடிந்து வந்த ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். செலினிடம் யார் சொல்வது என்று அவளுக்குள் ஒரு கேள்வி வந்து, அதற்கு அவளே பதில் என்றும் தெரிந்தது.

"மொத்தம் ரெண்டு பேர்தானே?" என்றார் தீயணைப்பு அதிகாரி.

"ரெண்டே பேர்தான் சார்" என்றாள்.

"எப்பவும் ஒருதரம் கேட்டுருவோம்." அவர் தொட்டி வாயில் குனிந்தார். "உள்ள வேற யாராவது இருக்கீங்களா?"

அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே கேட்டது.

"ஆங்."

"ஆங்."

சுவரோரம் நின்ற கூட்டம் தரையில் கிடந்த இரண்டு முகங்களைப் பார்த்தது. ஒரு வாய் சேற்றோடு. ஒரு வாய் மூடியபடி. அசையவில்லை.

"ஆள் இருக்குய்யா!" என்றார் அதிகாரி. "ரெண்டு பேர் இருக்காங்க. கயித்தக் கொண்டா!"

புஷ்ரா அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டார். வீரர் முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். மாடியில் அவள் ஸ்கிரிப்ட் நான்காவது தொட்டியை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது; தலைக்கு மேலே விளக்கில் சிவப்பு அணைந்தது.

பச்சை எரிந்தது.