இன்ஜினை மாத்தாதே!

ட்ரிங்... ட்ரிங்...

1998. அடையாறு, காந்தி நகர். வியாழக்கிழமை காலை.

ஷ்ரவண் போனையே வெறித்தான். எடுக்கவில்லை.

"எடுங்க சார். அது கடிக்காது!" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி.

எடுத்தான்.

"இன்னா நைனா..." வாயில் துணியை வைத்து அழுத்திய குரல். "இன்னிக்கு இன்ஜினு மாத்தப் போறியாமே? மாத்திப் பாரு... நீ காலி!"

டொக்!

ஷ்ரவண் ரிசீவரை வைத்தான். பக்கத்தில் அவன் மனைவி ஜானு. ஏழு மாதம். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு முறைத்தாள்.

"கார் கம்பெனியே தப்பை ஒத்துண்டு ஓசியில இன்ஜின் மாத்தித் தரான். இவனுக்கு என்னவாம்?"

நியாயமான கேள்வி!

அவர்கள் வீட்டுக் கார் நேத்ரா. வாங்கி எட்டு மாதம்தான். அந்த வருடம் செய்த நேத்ராக்களில் இன்ஜின் விரிசல் விடுகிறது, எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று கம்பெனி பேப்பரில் அறிவித்துவிட்டது. எல்லாக் கார்களுக்கும் புது இன்ஜின். இலவசம். அதுவரை ஓட்டாதீர்கள்!

ஜானுவின் பிரசவத்துக்குள் கார் தயாராக வேண்டும். அவ்வளவுதான் ஷ்ரவணின் ஆசை.

ஆனால் திங்கட்கிழமை ஒரு மிரட்டல். செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று. இப்போது நாலாவது!

பக்கத்து வீட்டு போனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சோடு பேசிக்கொண்டிருந்த ஏட்டு புஷ்பம், மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மேடம்! நம்பரைப் புடிச்சிட்டாங்க. மயிலாப்பூர்!"

சீட்டை நீட்டினாள். ஜானு எட்டிப் பார்த்தாள்.

வீல் என்று கத்தினாள்!

"ஐயோ... இது எங்கப்பா ஆத்து நம்பர்!"

*

மயிலாப்பூர், தெற்கு மாட வீதி.

கதவைத் திறந்த ஜானுவின் அப்பா கல்யாணராமனின் கையில் கைக்குட்டை. இன்னும் ஈரமாக இருந்தது.

"வாங்கோ மாப்பிள்ளை... கூட யாரு... போலீஸா?"

"இன்னா நைனா, சௌக்கியமா?" என்றாள் அன்புச்செல்வி.

கல்யாணராமன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"மாமா... நீங்களா?" என்றான் ஷ்ரவண். "எதுக்கு?"

"நான் வாங்கிக் குடுத்த காராச்சே மாப்பிள்ளை! ஷோரூம்ல ஒவ்வொரு வண்டியா இன்ஜின் நம்பரைக் கூட்டிப் பார்த்துன்னா எடுத்தேன்? கூட்டுத்தொகை அஞ்சு! ராஜ நம்பர்! புது இன்ஜினுக்கு என்ன நம்பர் வரும்னு கேட்டா, வர்றதுதான் வரும்கறான் கம்பெனிக்காரன். எட்டு வந்துடுத்துன்னா? வயித்துப் பிள்ளைக்காரி ஏறி உட்கார்ற வண்டி!"

"வயித்துப் பிள்ளைக்காரி பத்திண்டு எரிஞ்சா பரவால்லையாப்பா?"

ஜானு விடவில்லை.

"நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! உங்காத்துக்காரர் சிரிச்சார்."

"அந்த நைனா பாஷை?"

"தெருமுனை ஆட்டோக்காரன் சொல்லிக் குடுத்தான். நாடகத்துக்குன்னு சொன்னேன். நன்னா பேசினேனா?"

புஷ்பம் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்புச்செல்வி எழுந்தாள். "சரி பெரியவரே. நாலு தடவை போன் பண்ணியிருக்கீங்க..."

"மூணு."

"நாலு!"

"மூணுதாம்மா. திங்கள், செவ்வாய், இன்னிக்கு."

"நேத்து மத்தியானம் பன்னெண்டரைக்கு ஒண்ணு வந்ததே மாமா?" என்றான் ஷ்ரவண். "அதே நைனா, அதே துணி வெச்ச குரல்!"

கல்யாணராமன் துள்ளி எழுந்தார்.

"புதன்கிழமை பன்னெண்டரையா? சுத்த ராகு காலம்! ராகு காலத்துல நான் நல்ல விஷயமே பேச மாட்டேன்... கொலை மிரட்டலா விடுவேன்?"



அன்புச்செல்வியின் சிரிப்பு மறைந்தது.

"மிரட்டறதுக்கே நல்ல நேரம் பார்த்த மனுஷன். இவர் பொய் சொல்லலை. அப்போ நேத்துப் பேசினவன் வேற ஆள்! ஷ்ரவண் சார், முதல் ரெண்டு மிரட்டலைப் பத்தி நேத்து மத்தியானத்துக்கு முன்னாடி வெளில யார்கிட்ட சொன்னீங்க?"

ஷ்ரவண் யோசித்தான்.

"ஒரே ஒருத்தர். அடையாறு சர்வீஸ் சென்டர் மேனேஜர் ஜவஹர். நேத்து காலைல தேதி வாங்கப் போனப்ப, குரல் எப்படி இருந்ததுன்னுகூட பேசிக் காட்டினேன்."

அன்புச்செல்வி அங்கேயே போனை எடுத்தாள். நேத்ரா கம்பெனியின் தலைமை அலுவலகத்தைப் பிடித்தாள். ஷ்ரவணின் கார் நம்பரைச் சொன்னாள். கேட்டாள்.

போனை மெல்ல வைத்தாள்.

"ஜானு மேடம்... உங்க கார் எங்க நிக்குது?"

"எங்காத்து ஷெட்ல. பழைய இன்ஜினோட."

"கம்பெனி அப்படிச் சொல்லலை. நேத்து சாயங்காலமே புது இன்ஜின் மாட்டி, நீங்க சந்தோஷமா ஓட்டிக்கிட்டுப் போயிட்டீங்களாம்!"

*

சர்வீஸ் சென்டர்.

"வாங்க ஷ்ரவண் சார்!" ஜவஹர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "மிரட்டல்லாம் வருதுன்னீங்க... பயந்து வர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சியா... வேண்டிக்கிட்டியா?" என்றபடி பின்னாலிருந்து வந்தாள் அன்புச்செல்வி. அவளோடு ஜானுவும் கல்யாணராமனும்.

சிரிப்பு அறுந்தது!

"இவர் காருக்கு மாட்டின புது இன்ஜினைக் காட்டு."

"அது... மேடம்... அது வந்து..."

"எது வந்து? எங்க போச்சு?"

ஜவஹர் வாசலைப் பார்த்தான். வாசலில் புஷ்பம். வாசல் முழுக்கப் புஷ்பம்!

"அசோக் நகர்... என் மச்சான் ஷெட்ல இருக்கு மேடம். வித்துடலாம்னு..."

"எத்தனை?"

"ஆறு."

சில பேருக்கு அவர்களுடைய பழைய இன்ஜினையே ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்துப் புதுசு என்று திருப்பி மாட்டியிருந்தான். ஷ்ரவண் வந்து மிரட்டல் கதையைச் சொன்னதும், அந்த வேலையும் மிச்சம் என்று தோன்றிவிட்டது. ஷ்ரவண் பயந்து வராமலே இருந்துவிட்டால்? அதே நைனா குரலில் புதன்கிழமை ஒரு போன் போட்டுவிட்டு, இன்ஜின் மாட்டியாச்சு என்று கம்பெனிக்கு எழுதிவிட்டான்!

"பாவி! என் பொண்ணை எரிக்கப் பார்த்தியேடா!" கல்யாணராமன் பாய்ந்தார். ஷ்ரவண் பிடித்துக்கொண்டான்.

"மேடம், மாமா மேல கேஸ் வேண்டாம்."

"கேஸ் வேண்டாம். புது இன்ஜின் மாட்டினதும் முதல் சவாரி அவருக்குத்தான். நம்பர் எதுவா இருந்தாலும்!"

கல்யாணராமன் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மாலைக்குள் அசோக் நகரிலிருந்து ஆறு இன்ஜின்களும் வந்து இறங்கின. ஷ்ரவணின் காரைக் கட்டி இழுத்து வந்து வேலையை ஆரம்பித்தார்கள். ஜானு நகராமல் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையில் விலங்கோடு ஜவஹர் முனகினான்.

"மேடம்... வக்கீலுக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

"பண்ணு பண்ணு. உன் குரலைக் கேட்டுட்டு அவர் பயந்துபோய் எங்களுக்கு போன் பண்ணாம இருந்தா சரி!"