முதல் பந்தி

மூன்றாவது தட்டும் காலியாக இருந்தது. லாங்கி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் சேப்பங்கிழங்கும் வைத்த சுவடே இல்லை, துடைத்த மாதிரி சுத்தம். மற்ற இரண்டு தட்டுகளிலும் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. இதன் பக்கம் ஓர் எறும்புகூட வரவில்லை.

"யாருடா இதைச் சாப்பிட்டது?"

"ஃபிலி," என்றான் ஆறு வயது சுவா. "அவனுக்கும் ஒரு தட்டு வெக்கலாமான்னு கேட்டப்ப நீதானே சரின்னே?"

சொன்னாள்தான். நேற்று வெள்ளை ஞாயிறு. சமோவாவில் வருஷத்தில் அந்த ஒரு நாள் பிள்ளைகள்தான் ராஜா. வெள்ளை உடுத்தி தேவாலயத்தில் வசனம் சொல்வார்கள், வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் பரிமாற, முதல் பந்தியில் உட்காருவார்கள். அந்த நாளாகப் பார்த்து லாங்கிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மகன் வசனம் சொன்னதை அவள் பார்க்கவில்லை. நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது அது. அதனால்தான் இன்று, திங்கள் விடுமுறையில், பிள்ளைகளுக்கு மறுபடி வெள்ளைத் துணி போட்டுவிட்டு, "இன்னைக்கு நமக்கு மட்டும் வெள்ளை ஞாயிறு. எது கேட்டாலும் சரிதான். இல்லைன்னு சொல்லவே மாட்டேன், போதுமா?" என்று காலையிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள். விடுமுறை என்று யார் பெயர் வைத்தார்களோ, அம்மாக்களுக்கு அன்றைக்குத்தான் இடுப்பு ஒடிகிறது.

கேட்டார்கள். ஐஸ்கிரீம் வேணும், சரி. நாயைக் குளிப்பாட்டலாமா, சரி. ஃபிலியை உள்ளே கூப்பிடலாமா, சரி. வாசலில் இருக்கும் சமாதியின் மேல் போர்வை கட்டி வீடு விளையாடலாமா, அதுவும் சரி. வாசலில் சமாதி இல்லாத வீடு அந்த ஊரில் இல்லை. பெரியவர்கள் அதன் மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள். இந்தச் சிமெண்டுக்கு அடியில் இருந்தது அவள் கணவன் தோமாவின் அண்ணன், சின்ன வயதிலேயே போனவன். அவன் பெயர் ஃபிலி. பிள்ளைகளிடம் அவள் அதைச் சொன்னதில்லை. தோமா சொல்லியிருப்பான், அந்தப் பெயரை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஏறி, காற்று நின்று, சீமைப்பலா மரத்தில் ஓர் இலைகூட அசையாமல், எங்கோ புல் வெட்டிக்கொண்டிருந்த சத்தமும் ஓய்ந்து, வீட்டுக்குள் பாயின் மேல் ஓடும் பாதங்களின் சத்தம் மட்டும் அறைக்கு அறை போய்க்கொண்டிருக்க, லாங்கி அடுப்படியில் பாத்திரம் தேய்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வயது பேபேயின் குட்டிக் கால்கள், சுவாவின் தொம்தொம்மென்ற கால்கள், அவற்றுக்குப் பின்னால் கொஞ்சம் தாமதித்து, ஈரக்கால் பாயில் ஒட்டிப் பிரிவதுபோல இன்னொன்று. நாய்தான், என்று சொல்லிக்கொண்டாள். பின்கட்டில் நாய் கட்டிய இடத்தில் தூங்குவது ஜன்னல் வழியே தெரிந்தது. நனைந்த சிமெண்டின் வாசனை அடித்தது. மழை பெய்து பல நாளாகியிருந்தது.

"அம்மா!" பேபே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஃபிலிக்கு வெள்ளைச் சட்டை இல்லையாம். அண்ணனோடதைக் குடுக்கலாமா?"

"குடுங்கடி."

"அப்புறம், இன்னைக்கு அவன் நம்ம வீட்டுல தூங்குவானாம், அண்ணன் அவன் வீட்டுல தூங்குவானாம். சரியா?"

போர்வை வீட்டைச் சொல்கிறாள். கையெல்லாம் சோப்பு நுரை. "சரி சரி, போய் விளையாடுங்க."

பேபே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வீடு அமைதியானது.

பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. தோமா. நியூஸிலாந்தில் ஆப்பிள் தோட்ட வேலையில் இருந்தான்.

"ஏய் தோமா, உங்க அண்ணன் பேரை எதுக்குப் பசங்ககிட்ட சொன்னே? காலையிலேர்ந்து ஃபிலி ஃபிலின்னு உசிரை வாங்குதுங்க."

"நான் எங்க சொன்னேன்? எங்க வீட்டுல அந்தப் பேரையே யாரும் எடுக்கறதில்லையே."

"ஏன்?"



"வெள்ளை ஞாயிறுக்கு முந்தின நாள் குளத்துல மூழ்கிட்டான். புதுச் சட்டை தைச்சு ரெடியா இருந்துச்சு. இந்த வருஷம் முதல் பந்தியில உக்காரப் போறேன்னு குதிச்சுக்கிட்டே இருந்தான், பாவம்." அவன் குரல் மாறியது. "லாங்கி, பசங்க எங்க?"

அவள் போனைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வாசலில் சாயங்கால வெயில் மஞ்சளாகக் கிடந்தது. சமாதியின் மேல் கட்டிய போர்வை அசையாமல் தொங்கியது. விலக்கினாள். உள்ளே யாரும் இல்லை. சுவாவின் செருப்புகள் மட்டும் சிமெண்டின் ஓரமாக, சேர்த்து, ஒழுங்காக. ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் கழற்றி விடுவதுபோல.

"சுவா!"

ஊர்க்கோடியில் மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதினார்கள். வீட்டுக்குள்ளிருந்து பேபே ஜெபப்பாட்டு பாடுவது கேட்டது. லாங்கி திரும்பி ஓடினாள். கூடத்தில், பாயின் மேல், இரண்டு வெள்ளை முதுகுகள். சப்பணமிட்டு, தலை குனிந்து. இரண்டு பேரும் இருந்தார்கள். அவளுக்கு உயிர் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பாட்டு முடிந்தது. பையன் வசனம் சொல்ல ஆரம்பித்தான். நேற்று அவள் கேட்காமல் விட்ட வசனம். ஒரு சொல்லும் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் தொண்டையில் தண்ணீர் களக்களக்கென்றது.

தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. பாய் நனைந்திருந்தது.

சட்டை சுவாவுடையது. கழுத்து அவனுடையது இல்லை.

வாசல் பக்கம் ஒரு சத்தம். சின்னக் கை சிமெண்டைத் தட்டுவதுபோல. அடியிலிருந்து. அப்புறம், மூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல, "அம்மா... இருட்டா இருக்கும்மா. போதும்மா."

அவள் எழப் பார்த்தாள். கால் வரவில்லை.

பையன் திரும்பினான். கண்களில் பாசி. ஆசையாகத்தான் பார்த்தான் அவளை.

"நல்லா சொன்னேனா?"

வெளியே தட்டல். வேகமாக.

"நான் இங்கேயே இருந்துடட்டுமா, அம்மா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தாள். நாக்கைப் புரட்டினாள். கத்தத்தான் கத்தினாள், உள்ளுக்குள்.

"இன்னைக்கு இல்லைன்னு சொல்ல மாட்டேன்னு சொன்னியேம்மா," என்றாள் பேபே.

"சரி," என்றது லாங்கியின் வாய்.

வெளியே தட்டல் நின்றது. பையன் சட்டையைக் கீழே இழுத்துச் சரி செய்துகொண்டு, தட்டை நீட்டினான்.